கிளைகாலிக் ஆசிட் சீரம் போட்டு முகம் எரியுது, விட்டுடவா?

மதுரைப்பொண்ணு:
பரு வந்த இடமெல்லாம் கருப்பா நிக்குது, கன்னம் தொட்டா சொரசொரன்னு இருக்குன்னு 10% சீரம் வாங்கி ஒரு வாரமா தினமும் நைட் போடுறேன், இப்போ மூக்கோரம் சிவந்து தோல் உரியுது, வெறும் தண்ணி பட்டாலே சுரீர்ங்குது.

அல்லி:
அய்யோ, தினமுமாம்மா! உடனே நிறுத்து. ஏஹெச்ஏங்கிற, செத்த தோலை உரிக்கிற ஆசிட் வகையிலயே இதுக்குதான் மூலக்கூறு சின்னது, வேகமா உள்ள இறங்கும். எரிச்சல் முழுசா அடங்குற வரைக்கும் மாய்ஸ்சரைசர் மட்டும் போடு, அப்புறம் 5%ல வாரத்துக்கு ஒரே நாள், முகம் நல்லா காஞ்சப்புறம்.

கோவைக்காரி:
ரெட்டினால்ங்கிற விட்டமின் ஏ சீரம் போடுற நைட்டு இது வேணாம்பா. பகல்ல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் கண்டிப்பா போடணும், நான் அத விட்டுட்டு மத்தியானம் ஸ்கூட்டில சுத்துனதுல கருப்பு இன்னும் கூடிடுச்சு.

மதுரைப்பொண்ணு:
சன்ஸ்கிரீனே போடலக்கா... இன்னைக்கே நிறுத்திட்டேன்.