இங்கிலீஷ் வார்த்தை மனசுல நிக்க மாட்டேங்குது, என்ன வழி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தினமும் 20 வார்த்தை, எதிர்ல தமிழ் அர்த்தம்னு நோட்டுல எழுதறேன். ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா பாதி மறந்துபோச்சு. படிச்சது தமிழ் மீடியம், கடையில பேசறது மலையாளம். சலிக்காத வழி இருந்தா சொல்லுங்க.

அட்டைப்பெட்டி:
20 ரொம்ப அதிகம்ங்க, 5 போதும். 20 வெச்சா பத்தே நாள்ல 200 சேர்ந்துரும். திருப்பிப் பார்க்க முடியாம நோட்டையே மூடிருவீங்க.

எதிரெதிரா அர்த்தம் எழுதறதும் கோளாறு. 'பலத்த'ன்னா 'ஸ்ட்ராங்'னு எழுதிட்டா, பலத்த காத்துக்கு 'ஸ்ட்ராங் விண்ட்' சரியா வரும். பலத்த மழைக்கு 'ஸ்ட்ராங் ரெயின்'னு சொல்லி மாட்டிக்குவீங்க. அது 'ஹெவி ரெயின்'. வார்த்தையைத் தனியா எழுதாதீங்க, கூட வர்ற ஜோடியோட எழுதுங்க.

கெட்டி அட்டையைச் சின்னதா வெட்டிக்குங்க. முன்பக்கம் அந்த வார்த்தை விட்டுப்போன வாக்கியம். பின்பக்கம் வார்த்தை, ஜோடி, உச்சரிப்பு. 1, 3, 7, 16, 35-ஆம் நாள்ல எடுத்துப் பாருங்க. தப்பாச்சுன்னா மறுபடி 1-லிருந்து. திருப்பறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும். பார்த்துட்டு 'ஆமா, தெரியும்'னு தலையாட்டினா கணக்குல வராது.

வாளையாறு வாசகர்:
எந்த வார்த்தைன்னும் பார்க்கணும். இங்கிலீஷ் கத்துக்கறவங்களுக்காக மைக்கேல் வெஸ்ட் 1953-ல வெளியிட்ட பட்டியல்ல சுமார் 2000 அடிப்படைச் சொல் இருக்கு. அதுல ஓட்டை இல்லாம பார்த்துட்டு, கல்லூரிப் படிப்புல அடிக்கடி வர்றதுன்னு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் வருஷம் தொகுத்த 570 சொற்குடும்பத்துக்குப் (ஒரு சொல்லும் அதுலேர்ந்து கிளைக்கிற சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) போங்க. அதுக்கு முன்னாடியே பரீட்சை கைடுல வர்ற பயங்கரச் சொல்லெல்லாம் வீண்.

இன்னொண்ணு, ஒரே அர்த்தம்னு பட்டியல் போடறதை நம்பாதீங்க. 'பெயர்போன டாக்டர்', 'பெயர்போன திருடன்' நமக்கு ஒரே சொல்தான். அங்க டாக்டர் 'ஃபேமஸ்', திருடன் 'நொட்டோரியஸ்'. மாத்திப் போட்டா டாக்டர் கேஸ் போடுவார்!

நகரி நண்பன்:
சலிப்புக்கு மருந்து, வார்த்தையோட பூர்வீகம் தேடறது. தேங்காய் நாருக்கான 'காயர்', காய்ஞ்ச தேங்காய்க்கான 'கோப்ரா' ரெண்டும் உங்க பக்கத்து மலையாளக் கயரும் கொப்பரையும்தான் (பாம்பு கோப்ரா வேற, அது போர்ச்சுகீசு சொல்). எங்க பக்கம் பெருச்சாளிக்குத் தெலுங்குல பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. அதுதான் இங்கிலீஷ்ல 'பேண்டிகூட்'. ஆஸ்திரேலியாவுல வேற ஒரு பிராணிக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க.

'டெட்'னு கடனைச் சொல்றோமே, அதுல 'பி' எழுத்து ஊமை. பிரெஞ்சு வழியா வந்தப்ப அது இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டணும்னு படிச்சவங்க பின்னாடி சொருகினது. காரணம் தெரிஞ்சா ஸ்பெல்லிங் மறக்காது. 'ஸ்டெப்னி'யை மட்டும் வெளிநாட்டுல சொல்லாதீங்க. வேல்ஸ்ல ஸ்டெப்னி தெருவுல செஞ்ச சக்கரத்தோட பேரு அது, இப்ப அங்க 'ஸ்பேர் வீல்'தான்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. உச்சரிப்பை மலையாள எழுத்துல எழுதிக்கலாமா?

அட்டைப்பெட்டி:
தாராளமா. தமிழ்ல 'பேக்'னு எழுதினா பையா, முதுகா, கட்டறதான்னே தெரியாது. மலையாளத்துல அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருக்கு. ஆனா மிருகக்காட்சி சாலைக்கான 'ஜூ'வுக்கு ரெண்டு மொழியிலயும் சரியான எழுத்து இல்லை, மலையாளத்துல 'ஸூ'ன்னு ஆயிரும். அந்த மாதிரி வார்த்தையை அகராதி ஆப்ல ஸ்பீக்கர் பட்டனைத் தட்டி, காதால கேட்டுப் பழகுங்க.