புளி போட்டுத் தேய்த்த யானைக் காசு

பாலக்கோட்டான்:
பழைய பித்தளை எடைக்குப் போடுற கடை. தராசுத் தட்டில் ஓட்டைக் குண்டானோட கிடந்தது யானைக் காசு. திப்பு காலத்து ஒரு பைசா, எடை 10.9 கிராம். யானையின் தும்பிக்கை வரைக்கும் தெளிவு. பின்பக்கம் பாரசீக எழுத்தில் பட்டணம், அதாவது ஸ்ரீரங்கப்பட்டணம். கடைக்காரர் "இருங்க சார், பளபளன்னு ஆக்கித் தர்றேன்"னு புளி உருண்டையை வச்சு நாலு தேய் தேய்ச்சார். காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது, கழுவி நீட்டும்போது புது ஒயர் உரிச்ச செம்பு மாதிரி இளஞ்சிவப்பு. அந்த நிறம்தான் இன்னும் உறுத்துது. யானைக்கு மேல 8121-னு என்னவோ இருக்கு, அது என்ன கணக்கு?

காவேரிப்பட்டணம்:
புளி மட்டுமில்லை, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்குற பொடி எல்லாமே ஒண்ணுதான். செம்பு மேல பல வருஷமா படிஞ்ச பழுப்புப் படலம்தான் காசுக்குக் கவசம், சேர்க்கிறவங்க காசு கொடுக்கிறதும் அதுக்குத்தான். அமிலம் பட்டா ரெண்டு நிமிஷத்தில் போயிடும்.

மண் ஒட்டிய செம்புக்காசுக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் போதும். கண்ணாடி டம்ளரில் ஊறப் போடுங்க. முதல் வாரம் தினமும் தண்ணி மாத்தணும், பிறகு ரெண்டு மூணு நாளுக்கு ஒருமுறை. மண் இளகினதும் மூங்கில் பல்குச்சியால் நெம்புங்க. ஊசி, கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்து மேல கோடு விழும். மூணு வாரம் ஆகியும் இளகாத மண் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

பச்சையில் ரெண்டு வகை உண்டு. நகத்தால் சுரண்டினாலும் வராத அடர்பச்சை நல்லது. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தா உப்பிலிருந்து வர்ற குளோரைடு உள்ளே புகுந்திருக்கு, ஈரம் பட்டுப்பட்டு குழி விழும். அந்தக் காசை மற்றதோட வைக்காதீங்க. ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட தனி டப்பாவில் போடுங்க.

ஓசூர் பக்கம்:
தேய்ச்ச காசாவது நிஜக்காசு. அரிசியை இழுக்கிற சக்திக் காசுன்னு சொல்லி ஏமாத்துறதும் நடக்குது. இங்க ஒருத்தர் மேசையில் துணி விரிச்சு, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 ஈஸ்ட் இண்டியா கம்பெனி அரை அணாவை வச்சார். பக்கத்தில் அரிசி தூவினார். ஒரே ஒரு மணி நகர்ந்து போய் காசில் ஒட்டிச்சு. எதிரே உட்கார்ந்திருந்தவர் மூச்சே விடலை! அரிசியில் இரும்புத்தூள், அடியில் காந்தம். வேற ஒண்ணுமில்லை.

கம்பெனி ராமர் படமோ அனுமார் படமோ போட்டுக் காசு அடிச்சதே கிடையாது. 1835-ல் வந்த கம்பெனியின் அரை அணா 12.95 கிராம், ஒருபக்கம் கம்பெனி முத்திரை. 1616, 1717-னு வருஷம் போட்டதெல்லாம் பூஜைக்கடைச் சாமான்.

பாலக்கோட்டார் விட்டதைச் சொல்றேன். 1792 வரைக்கும் பாராமகால், அதாவது நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், மைசூர் கையில்தான் இருந்தது, அதனால யானைக் காசு நம்ம பக்கம் அபூர்வமில்லை. முதல் காசா வாங்க நல்லது, பெரிய விலை கொடுக்காதீங்க.

அரூர்:
"புதுசு மாதிரி இருந்தா போலி"னு மட்டும் முடிவு கட்டாதீங்க. கம்பெனியின் 1808 பத்துக்காசு நிறைய அப்படித்தான் இருக்கும். சென்னைக்கு ஏத்திக்கிட்டு வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கிடுச்சு, கடலுக்கடியில் இருந்து எடுத்ததுதான் இப்போ சுத்துது. புழங்காத காசு தேயாது.

யாரும் கேட்கலை, ஆனாலும் வெள்ளி ரூபாய் வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு வேணும். விக்டோரியா ராணி தலை ரூபாய் 11.66 கிராம். தண்ணி டம்ளரைத் தராசில் வச்சு பூஜ்யமாக்குங்க. மெல்லிய தையல் நூலில் காசைக் கட்டி, முழுசா முங்கணும், அடியும் பக்கமும் தொடக்கூடாது, அப்படிப் பிடிச்சா 1.13 காட்டணும். 11.66-ஐ அதால் வகுத்தா 10.3, அதாவது தண்ணியை விட அத்தனை மடங்கு கனம், நல்ல வெள்ளி. 1.36 காட்டினா வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் கலப்பு. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தா நல்ல காசும் போலியாத் தெரியும், அதனால முங்கினதும் ஒரு ஆட்டு ஆட்டுங்க. அடியில் தட்டினா எண் எகிறிடும். 1940-ல் வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டாங்க, அதுக்கு அப்புறம் வந்த ரூபாய்க்கு இந்தக் கணக்கு செல்லாது.

ராஜராஜன் செம்புக்காசுக்கு விளிம்பைப் பாருங்க. ஒருபக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரியில் "ஸ்ரீ ராஜராஜ". எடை 4 கிராம் பக்கம் வரும். விளிம்பைச் சுத்தி தையல் மாதிரி கோடும், லென்ஸில் ஊசிக்குத்துக் குழிகளும் தெரிஞ்சா வார்த்த போலி. அடிச்ச காசில் அந்தக் கோடு வராது.

பென்னாகரம்:
வயலில் உழும்போது காசு பானையோட வந்தா கதை வேற. 1878 புதையல் சட்டப்படி மதிப்பு 10 ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "என் நிலம், என் காசு"ன்னு பேசுறவங்க இதைப் படிக்கட்டும்.

பாலக்கோட்டாருக்கு: அது 8121 இல்லை. திப்பு தானே வச்ச மௌலூதிங்கிற ஆண்டுக்கணக்கை வலமிருந்து இடமா எழுதுவாங்க, அதனால 1218. நம்ம கணக்கில் சுமார் 1790. தேய்ச்ச காசைக் கறுக்க வைக்கிறேன்னு அடுப்புப்புகையில் காட்டிடாதீங்க, திட்டுத்திட்டா வரும். பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், கொஞ்ச நாளில் பச்சைப் பிசின் கசியும். காகித உறையில் போட்டு பீரோவில் வைங்க, பழுப்பு தானா வரும். வருஷக்கணக்கில் ஆகும்.