யு-18 பேஸ்பால் உலகக் கோப்பை: டிக்யூபி கணக்கு தெரிந்தவர்கள் உதவுங்களேன்

நண்பர்களே, 2023இல் தைவானில் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் பேஸ்பால் உலகக் கோப்பையின் புள்ளிப் பட்டியலை எக்செல்லில் நானே போட்டுப் பார்க்கிறேன். இறுதியில் சீன தைபேயை (தைவான் அணி) 2-1 என வீழ்த்தி ஜப்பான் முதல்முறை பட்டம் வென்றதே, அந்தத் தொடர்தான்.

12 அணிகள், இரண்டு பிரிவு, தலா மூன்று அணிகள் அடுத்த கட்டமான சூப்பர் சுற்றுக்கு. சரி. கூடவே தகுதி பெறும் அணிகளோடு ஆடிய முடிவுகளும் அங்கே தொடரும். அதுவும் புரிந்துவிட்டது.

வெற்றி எண்ணிக்கை சமமாகி மூன்று அணிகள் ஒன்றையொன்று மாறி மாறி வென்றிருந்தால் யார் மேலே என்று முடிவு செய்ய வரும் டிக்யூபிதான் (TQB, டீம் குவாலிட்டி பேலன்ஸ்) தலைவலி. எடுத்த ரன்னை பேட் செய்த இன்னிங்ஸால் வகுத்து, அதிலிருந்து, கொடுத்த ரன்னை ஃபீல்டிங் இன்னிங்ஸால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். கிட்டத்தட்ட நம் கிரிக்கெட் நெட் ரன்ரேட்.

ஏழாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்த நிலையில் வெற்றி ரன் வந்து ஆட்டம் முடிந்தால், 6⅓ என்று போடுவதா, 7 என்றா? எக்செல்லில் 6⅓ஐ பேஸ்பால் பாணியில் 6.1 என்று அடித்தால் அது தசமமாக எடுத்துக்கொள்கிறது, பாவம்.

அப்புறம், கூடுதல் இன்னிங்ஸில் முதல், இரண்டாம் பேஸில் ஆட்களை நிறுத்தித் தொடங்குகிறார்களே, அந்த ரன்களும் கணக்கில் சேருமா? ஸ்கோரராக இருந்தவர்கள் யாராவது ஒரு ஆட்டத்தை வைத்துப் போட்டுக் காட்டினால் போதும்.