அமெரிக்காவில் அம்மாவின் ஃபோனில் நெட் வருகிறது, கால் மட்டும் போகவில்லை – உதவி தேவை

செந்தில்_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். அம்மா இப்போது டெக்சஸில், டல்லாஸ் பக்கம் அக்கா வீட்டில் இருக்கிறார். திருச்சியில் வாங்கிய ஆண்ட்ராய்டு 5ஜி ஃபோனையே கையோடு கொண்டு போனார். இங்கே ஜியோ சிம்மில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய ஃபோன். அக்கா அங்கே ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

4ஜி என்று காட்டுகிறது. யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் ஓடுகிறது. ஆனால் சாதாரண கால் போட்டால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, "மொபைல் நெட்வொர்க் கிடைக்கவில்லை" என்று கட் ஆகிவிடுகிறது. அக்கா கூப்பிட்டால் அம்மாவின் ஃபோன் அடிப்பதே இல்லை, நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது. சாயங்காலம் நடக்கப் போகிற பூங்காவில் நெட்டும் போய்விடுகிறது. அதே இடத்தில், அதே கம்பெனி சிம் போட்ட அக்காவின் ஃபோனில் டவர் முழுசாக இருக்கிறது.

ரீஸ்டார்ட், ஏரோபிளேன் மோட், நெட்வொர்க் ரீசெட் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. சிம்மை அக்கா ஃபோனில் போட்டால் கால் நன்றாகப் போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். அவசரத்துக்கு 911 கூப்பிட முடியுமா என்பதுதான் என் பெரிய கவலை. ஃபோன் பழுதா, சிம் பழுதா?

பிரவீன்_கோவை

செட்டிங்ஸில் ஏபிஎன் (நெட் இணைப்புக்கான அமைப்பு) சரியாக இருக்கிறதா பாருங்கள் ப்ரோ. நெட்வொர்க் வகையையும் ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

செந்தில்_திருச்சி

இரண்டும் பார்த்தோம், சரியாகத்தான் இருக்கிறது.

மதுரை_பாண்டியன் (டல்லாஸ்)

செந்தில், நான் இந்த ஊரில் நெட்வொர்க் வேலையில்தான் இருக்கிறேன். ஃபோனும் பழுதில்லை, சிம்மும் பழுதில்லை. உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன.

அதற்கு முன்னால் 911 விஷயம். இந்த ஃபோனை நம்பி அம்மாவைத் தனியாக விட வேண்டாம். 911-க்கு எந்த நிறுவனத்தின் டவர் கிடைத்தாலும் ஃபோன் முயற்சி செய்யும் என்பது உண்மை. ஆனால் அதுவும் குரல் அழைப்புதான். குரல் போக வழியில்லாத ஃபோனில் அது போய்ச் சேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. வாட்ஸ்அப்பில் இருந்தும் 911-ஐக் கூப்பிட முடியாது. அக்காவிடம் பழைய ஃபோன் ஏதாவது இருந்தால் இன்றைக்கே இந்தச் சிம்மை அதில் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கால் போகாததற்குக் காரணம் இதுதான். 4ஜி என்பது அடிப்படையில் நெட்டுக்காகக் கட்டியது. அதில் குரல் போக வேண்டுமென்றால் வோல்ட்இ என்ற தனி வசதி வேண்டும். அது இல்லாத ஃபோன், கால் வரும்போது மட்டும் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி 4ஜிக்கு ஏறிக்கொள்ளும். அமெரிக்காவில் அப்படி இறங்க 3ஜி இல்லை. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் மூடியது, டி-மொபைல் அதே ஆண்டில் மூடியது, வெரைசன் அந்த ஆண்டு முடிவில் மூடியது. அம்மாவின் ஃபோனுக்கு இந்தச் சிம்மில் வோல்ட்இ கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

*#06# அடித்தால் ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்ஈஐ வரும். அதைச் சிம் கம்பெனியின் தளத்தில், "உங்கள் ஃபோனைக் கொண்டு வாருங்கள்" பகுதியில் போட்டுப் பாருங்கள். பெட்டியில் அல்லது தயாரிப்பாளர் தளத்தில் உள்ள பேண்ட் (ஃபோன் பிடிக்கும் அலைவரிசைகள்) பட்டியலையும் இங்கே போடுங்கள். மாடல் எண் முக்கியம். ஒரே பெயரில் விற்கும் ஃபோன் இந்தியாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என்று உள்ளே வேறு வேறாக இருக்கும்.

செந்தில்_திருச்சி

ரொம்ப நன்றி அண்ணா. அக்காவின் பழைய ஃபோனில் சிம் போட்டாயிற்று, அம்மா அதிலிருந்து எனக்கே கால் போட்டுப் பேசிவிட்டார். பெரிய நிம்மதி.

ஐஎம்ஈஐ போட்டுப் பார்த்தால் "பொருந்தாத சாதனம்" என்று வருகிறது. பெட்டியில் உள்ள 4ஜி பேண்ட்: 1, 3, 5, 8, 28, 40, 41. 5ஜியில் என்28, என்78 இன்னும் சில.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி எதுவுமே கிடையாது. அதில் இந்த ஃபோன் நன்றாகப் பேசியது என்றால் வோல்ட்இ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இன்னொன்றும் கவனித்தோம். ஜியோ சிம் போட்டால் செட்டிங்ஸில் வோல்ட்இ சுவிட்ச் தெரிகிறது. அமெரிக்க சிம் போட்டால் அந்தச் சுவிட்சே காணாமல் போய்விடுகிறது.

மதுரை_பாண்டியன்

அந்தச் சுவிட்ச் மறைவதைக் கவனித்தீர்களே, அதில்தான் பதில் இருக்கிறது.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் நாடு. இந்தியா என்றால் 404 அல்லது 405, அமெரிக்கா 310-இல் தொடங்கும். அடுத்த இலக்கங்கள் நிறுவனம். சிம் போட்டதும் ஃபோன் இந்த எண்ணைப் படித்து, தனக்குள் அந்த நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பு இருக்கிறதா என்று தேடும். வோல்ட்இயை எந்தச் சர்வரில் பதிவது, குரலை எப்படிச் சுருக்குவது, அவசர அழைப்பை எப்படிக் கையாள்வது என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். இந்திய விற்பனைக்கு வந்த ஃபோனில் ஜியோ, ஏர்டெல், வி ஆகியவற்றுக்கான கோப்பு இருக்கும். அமெரிக்க நிறுவனத்துக்கானது இல்லையென்றால் சுவிட்சே வராது. உள்ளே திறன் இருந்தும் பூட்டிக் கிடக்கிறது.

போதாததற்கு, சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்துப் பட்டியலில் சேர்த்த மாடல்களுக்கு மட்டும்தான் வோல்ட்இ தருகின்றன. அவசர அழைப்பு சரியாகப் போக வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத ஃபோனுக்கு நெட்டை மட்டும் திறந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் ஃபோன் நன்றாக இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். சிம் விற்கும்போதே கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

பூங்காவில் டவர் போவது அடுத்த பிரச்சினை. அது பேண்ட். உங்கள் பட்டியலில் அமெரிக்காவில் பயன்படுவது 5 ஒன்றுதான் என்று சொல்லலாம். 41 சில இடங்களில் உதவும். இங்கே முக்கியமானவை 2, 4, 66, அப்புறம் தூரத்துக்கும் கட்டடத்துக்குள்ளும் எட்டுகிற 12, 13, 71. அவற்றில் ஒன்றுகூட உங்கள் ஃபோனில் இல்லை.

நிலா_சேலம்

குறுக்கே ஒரு கேள்வி. காற்றலை எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? ஏன் எல்லோரும் ஒரே பேண்டைப் பயன்படுத்தக்கூடாது?

மதுரை_பாண்டியன்

செல்ஃபோன் வந்தபோது எந்த அலைவரிசை காலியாகக் கிடந்தது என்பது நாட்டுக்கு நாடு வேறாக இருந்தது. ராணுவம், டிவி, ரேடியோ என்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகள் 1987-இல் சேர்ந்து உட்கார்ந்து, 900 மெகாஹெர்ட்ஸில் ஜிஎஸ்எம் என்ற செல்ஃபோன் தொழில்நுட்பம் என்று ஒரே முடிவு எடுத்தன. எல்லை தாண்டினாலும் ஃபோன் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்களின் தேவை. அமெரிக்காவில் 1983-லேயே 850-இல் அனலாக் சேவை தொடங்கிவிட்டது. 900 பக்கத்தில் 902 முதல் 928 வரை உரிமம் இல்லாத சின்னச் சாதனங்களுக்குப் போயிருந்தது. 1800-இன் ஒரு பகுதி மத்திய அரசின் கையில் இருந்தது. ஆகவே 90-களில் 1900-ஐ ஏலம் விட்டார்கள். எந்தத் தொழில்நுட்பம் என்பதையும் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் சிடிஎம்ஏ, ஒருவர் ஜிஎஸ்எம் என்று பிரிந்தது அப்படித்தான். இந்தியா 90-களில் உரிமம் கொடுத்தபோது ஜிஎஸ்எம் வழியையே எடுத்தது. அதனால் நமக்கு 900, 1800 வந்தது. சிடிஎம்ஏ பின்னால் 800-இல் வந்தது.

700 மெகாஹெர்ட்ஸ் கதை இதைவிட நுணுக்கமானது. அமெரிக்கா, இந்தியா இரண்டிலும் இப்போது 700 இருக்கிறது. இங்கே பேண்ட் 12, அங்கே பேண்ட் 28. எண்தான் வேறு, அலை ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். பேண்ட் 28-இல் ஃபோன் டவருக்குப் பேசுவது 703 முதல் 748 வரை, டவர் ஃபோனுக்குப் பேசுவது 758 முதல் 803 வரை. பேண்ட் 12-இல் டவர் பேசுவது 729 முதல் 746 வரை. அதாவது இந்திய ஃபோன் வாய் திறக்கிற இடத்தில் அமெரிக்க டவர் பேசுகிறது. ஒரே சாலைதான், ஆனால் இங்கே போகும் பாதை அங்கே வரும் பாதை. டிவி சேனல்களை அகற்றிய இடத்தை அமெரிக்கா முதலில் துண்டு துண்டாக வெட்டி 2008-இல் ஏலம் விட்டது. ஆசிய பசிபிக் நாடுகள் பிறகு வந்து, அகலமாக வேறு விதத்தில் வெட்டின. ஃபோனுக்குள் ஒவ்வொரு பேண்டுக்கும் தனி ஃபில்டர் வேண்டும். அது காசு. மலிவான ஃபோனில் விற்கிற நாட்டுக்குத் தேவையானதை மட்டும்தான் வைப்பார்கள்.

5ஜியிலும் அதே கதைதான். இந்தியாவில் 2022 ஏலத்தில் போனது 3300 முதல் 3670 வரை, அதற்கு என்78 போதும். அமெரிக்காவில் 3700 முதல் 3980 வரை. என்78 3800-உடன் நின்றுவிடும், இங்கே என்77 வேண்டும்.

யாழினி_சிட்னி

செந்தில் தம்பி, இங்கே ஆஸ்திரேலியாவில் இது இன்னும் கடுமை. 2024 அக்டோபர் கடைசியில் மீதமிருந்த 3ஜியையும் மூடத் தொடங்கியபோது, 4ஜி வழியாக இங்கத்திய அவசர எண்ணான 000-ஐ அழைக்க முடியாத ஃபோன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று விதி கொண்டு வந்தார்கள். நெட்கூட வராது. ஊரிலிருந்து வந்த எங்கள் மாமாவின் ஃபோன் அப்படித்தான் நின்றது. ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவசரத்துக்கு உதவாத ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அது உதவும் என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்றுதான் இப்போது படுகிறது. பெற்றோரைக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் டிக்கெட் போடும்போதே ஃபோன் மாடலையும் கேட்டு வாங்குங்கள்.

கார்த்தி_ஈரோடு

எங்கள் அப்பா நியூ ஜெர்ஸியில் குறைந்த நிமிடம் உள்ள ப்ரீபெய்டு போட்டிருக்கிறார். நாங்கள் கூப்பிட்டுப் பேசினாலும் அவர் கணக்கில் நிமிடம் கழிகிறது. இது சரியா?

மதுரை_பாண்டியன்

சரிதான் கார்த்தி. இங்கே செல்ஃபோனுக்கும் லேண்ட்லைனுக்கும் ஒரே ஊர்க் குறியீட்டில்தான் எண் கொடுத்தார்கள். கூப்பிடுகிறவருக்கு அது செல்ஃபோனா என்று எண்ணைப் பார்த்துத் தெரியாது. ஆகவே கூடுதல் காசை அவரிடம் கேட்க முடியவில்லை, ஃபோன் வைத்திருப்பவர் தலையில் போட்டார்கள். இந்தியாவில் செல்லுக்குத் தனி வரிசை எண் இருந்ததால் கூப்பிடுகிறவரிடமே வாங்க முடிந்தது. ஆனாலும் 1995-இல் தொடங்கியபோது நம் ஊரிலும் இன்கமிங்குக்குக் காசு இருந்தது. 2003 மே மாதம்தான் அது போனது. நமது மிஸ்டு கால் பழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். அப்பாவுக்கு வரம்பில்லாத கால் உள்ள திட்டம் பார்த்து மாற்றுங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

செந்தில்_திருச்சி

வோல்ட்இ நிறுவனத்தைப் பொறுத்தது என்று அண்ணா சொன்னதால், அக்கா வேறொரு நிறுவனத்தின் இ-சிம்மை (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் சிம்) சோதனைக்குப் போட்டுப் பார்த்தார். அதில் வோல்ட்இ சுவிட்ச் வந்துவிட்டது, வீட்டில் கால் போகிறது. பூங்காவில் மட்டும் பழைய கதைதான். அதனால் அங்கேயே ஒரு சாதாரண ஃபோன் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்வி பாக்கி. அம்மாவின் பென்ஷன் கணக்கு ஓடிபி எல்லாம் திருச்சி எண்ணுக்குத்தான் வருகிறது, அதற்கு என்ன செய்வது? வாங்கும் ஃபோனை அம்மா திரும்பும்போது இங்கே கொண்டு வந்து பயன்படுத்தலாமா?

மதுரை_பாண்டியன்

திருச்சி ஃபோனில் திருச்சி சிம்மை அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டு வைஃபையில் அது தனியாக இருக்கட்டும். சர்வதேச ரோமிங் திறந்திருந்து ரீசார்ஜ் உயிரோடு இருந்தால், பேண்ட் 5 எடுக்கிற உங்கள் அக்கா வீட்டில் ஓடிபி எஸ்எம்எஸ் வர வாய்ப்பு உண்டு. எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் இந்திய நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் கட்டாயம் அணைத்து வையுங்கள், பில் எகிறிவிடும்.

வாங்கும்போது பூட்டில்லாத ஃபோனாகக் கேளுங்கள். சிம் கம்பெனிக் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அவர்கள் சிம்முக்குப் பூட்டியது, அவர்கள் நிபந்தனை முடிந்த பிறகுதான் திறப்பார்கள். ஐஃபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் துளையே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அம்மா அதற்குப் பழகுவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். திருச்சியிலும் ஓட வேண்டுமென்றால் பேண்ட் பட்டியலில் 3, 5, 40 இருக்கிறதா என்று பாருங்கள். 40 இந்தியாவில் ஜியோவுக்கும் ஏர்டெல்லுக்கும் முக்கியம், இங்கே விற்கும் பல மலிவான மாடல்களில் அது இருக்காது. ஜியோ என்றால் வோல்ட்இ இல்லாமல் கால் போகாது. அதனால் அம்மா வந்து இறங்கியதும் ஜியோ சிம்மைப் போட்டு, வேறு ஃபோனிலிருந்து ஒரு கால் போட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய ஃபோனை யாருக்காவது கொடுங்கள்.

செந்தில்_திருச்சி

மாடல் எண்ணை அக்கா கடையிலிருந்தே அனுப்புவார். வாங்கும் முன் இங்கே போடுகிறேன் அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.