லெகோ: அறை பாதியிலேயே நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

நிலாமுற்றம் | வெள்ளி இரவு 11:48
அறை உள்ளே போக மாட்டேன் என்கிறது. முக்கால்வாசி தூரம் நன்றாகப் போகிறது, அப்புறம் டக்கென்று முட்டி நிற்கிறது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் பக்கத்துச் சுவர் கழன்று வருகிறது. மூன்று முறை வெளியே எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டேன். கையேட்டில் இருக்கிறபடிதான் எல்லாம் செய்தேன். நாளை சாயங்காலம் தங்கையின் பிறந்தநாள், அதற்குள் முடித்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்தலை | 11:54
எந்த செட் என்று சொல்லவே இல்லையே?

கட்டைப்பிரியன் | 11:57
அதைத்தான் கேட்க வந்தேன். தொலைக்காட்சித் தொடர் செட்டுகளிலேயே எத்தனை இருக்கின்றன. சிம்ப்சன்ஸ் வீடு, ஃப்ரெண்ட்ஸ் காபி கடை, சைன்ஃபெல்ட் வீடு, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தலைகீழ் வீடு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எண் சொல்லுங்கள், எத்தனையாவது படியில் நிற்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஒரு படம் போட்டால் இன்னும் நல்லது.

நிலாமுற்றம் | சனி 12:03
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போயிற்று. தி ஆபீஸ் தொடரின் செட். எண் 21336. அதில் வரும் மேலாளர் மைக்கேலின் அறை. கட்டி முடித்துவிட்டேன், அந்த அறையைச் செருகுவதுதான் பாக்கி. கைபேசியில் சார்ஜ் இல்லை, படம் அப்புறம் போடுகிறேன்.

கட்டைப்பிரியன் | 12:06
ஓ, அதுவா. 1,164 துண்டுகள், 15 பொம்மைகள். அருமையான செட். மைக்கேல் அறையை மட்டும் தனியாக உருவி மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அழகே. அது சறுக்கிப் போகாவிட்டால் மனசு ஆறாதுதான்.

வெயில்காலம் | 12:15
வெயில் படும் இடத்தில் வைத்திருந்தீர்களா? என்னிடம் ஒரு நீளமான பிளேட் (மெல்லிய தட்டைக் கட்டை) ஜன்னலோரம் இருந்தே வளைந்துபோனது. கட்டைகளைக் கழுவும் தண்ணீர் கூட 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். அடித்தளம் நடுவில் லேசாகப் புடைத்திருந்தால் உள்ளே போகும்போது கட்டாயம் முட்டும். கண்ணாடி மேசையில் வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மஞ்சள்தலை | 12:19
அசல் செட்தானா? போலிக் கட்டைகளில் அளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஒன்றிரண்டில் தெரியாது, இருபது கட்டை வரிசையாக வந்தால் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். கட்டையின் மேல் நிற்கும் ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

செங்கல்சித்தர் | 12:31
வெயிலும் இல்லை, போலியும் இல்லை. இதே மாதிரிக் கேள்விகளுக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதியவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கட்டையை முழுதாக அழுத்துவதில்லை. பெட்டியில் 18+ என்று போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இதற்குப் பொறுமை வேண்டும், பிறந்தநாள் அவசரத்தில் செய்கிற வேலை இல்லை. இன்றைய கட்டையின் வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அன்று வந்த கட்டை இன்றைய கட்டையோடும் சேரும். அவ்வளவு துல்லியம். எனவே தவறு கட்டையில் இருக்காது, கையில்தான் இருக்கும். எல்லாவற்றையும் கட்டைவிரலால் மறுபடி அழுத்துங்கள்.

நிலாமுற்றம் | 12:40
அசல்தான், குமிழ்களில் எழுத்து இருக்கிறது. வெயிலில் வைக்கவில்லை. எல்லா இடத்திலும் அழுத்திப் பார்த்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது.

புதுக்கை | 12:44
துளி சமையல் எண்ணெய் தடவிப் பாருங்களேன், வழுக்கிக்கொண்டு போகும். இல்லையென்றால் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

கட்டைப்பிரியன் | 12:46
தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். எண்ணெய் குமிழ்களுக்கு நடுவே இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது, தூசியும் வந்து ஒட்டும். உப்புத்தாள் போட்ட கட்டை திரும்ப வராது. கட்டை கட்டையைப் பிடித்து நிற்பதே நூலிழை அளவுக் கணக்கில். அதைத் தேய்த்துவிட்டால் அந்த இடம் என்றைக்கும் தளர்வுதான்.

அம்மாவும்மகளும் | 12:58
நானும் மகளும் இதே செட்டைக் கட்டினோம். எண்ணெய், உப்புத்தாள் எதுவும் தேவைப்படாது, இந்த அறை விரலால் தள்ளினாலே போகும். உங்களுடையது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கிறது என்கிறீர்கள். வளைந்திருந்தால் போகப்போக இறுகும், இப்படி டக்கென்று முட்டாது. அங்கே ஏதோ ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். கடைசியில் எதுவும் மிஞ்சியதா? நடுவில் எதுவும் குறைந்ததா?

செங்கல்சித்தர் | சனி காலை 1:05
மிஞ்சுவது எல்லா செட்டிலும் வழக்கம். அதைக் கேட்டு அவரைக் குழப்ப வேண்டாம்.

நிலாமுற்றம் | 1:09
மிஞ்சியது: குட்டி குட்டியாக ஆறேழு துண்டு, பொம்மை கையில் வைக்கிற கோப்பை ஒன்று, குமிழ் இல்லாத தட்டைத் துண்டான டைல் நீளமாக ஒன்று. குறைந்தது என்றால் நடுவில் ஒரே ஒரு பிளேட் கிடைக்கவில்லை. கீழே விழுந்து உருண்டிருக்கும் என்று நினைத்து, பழைய டப்பாவில் இருந்து அதே நீளத்தில் ஒன்றை எடுத்துப் போட்டேன். வெளியே தெரியாத இடம் என்பதால் நிறத்தைப் பொருட்படுத்தவில்லை.

அம்மாவும்மகளும் | 1:13
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த டைல் எவ்வளவு நீளம்? குறைந்த பிளேட் எவ்வளவு நீளம்?

நிலாமுற்றம் | 1:15
இரண்டுமே 1×4. இரண்டும் அடர் சாம்பல்.

அம்மாவும்மகளும் | 1:27
அப்படியானால் உங்கள் பிரச்சினை அதுதான். சித்தர் அவர்களே, மிஞ்சுவது வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடுதலாக வருவது ஒரு குமிழ் அளவுத் துண்டு, சின்னக் கோப்பை, பூ மாதிரியானவை மட்டுமே. நான்கு குமிழ் நீளமுள்ள டைலை யாரும் உபரியாக வைப்பதில்லை. நீளமாக ஒன்று மிஞ்சினால் எங்கோ ஓர் இடம் அதற்காகக் காத்திருக்கிறது.

இங்கே ஒன்று மிஞ்சியிருக்கிறது, அதே நீளத்தில் இன்னொன்று குறைந்திருக்கிறது. அதாவது டைல் வர வேண்டிய இடத்தில் பிளேட்டை வைத்துவிட்டீர்கள். பிறகு அந்த பிளேட்டுக்கு உரிய இடம் வந்தபோது அது கையில் இல்லை.

டைல், பிளேட் இரண்டின் உடம்பும் 3.2 மில்லிமீட்டர்தான். அதனால்தான் மேலே எதுவும் கோணலாகத் தெரியவில்லை, அழுத்தினாலும் இறங்கவில்லை. வித்தியாசம் குமிழில் மட்டும், ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர். டைலின் தலை மொட்டையாக, வழுவழுப்பாக இருக்கும், அறையின் அடிப்பாகம் அதன் மேல் சறுக்கும். பிளேட்டாக இருந்தால் நான்கு குமிழ்கள் வாசற்படி மாதிரி குறுக்கே நிற்கும்.

கண்டுபிடிக்கும் வழி: அறையை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். கெட்டித் தாளை அறை நுழையும் பள்ளத்தின் ஆழத்துக்கு நறுக்கி உள்ளே விட்டு, அறை எங்கே நின்றதோ அதைத் தாளில் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிக்கு நேரே, தரையிலும் இரண்டு பக்கச் சுவர்களிலும் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவுங்கள். அடர் சாம்பலில் குமிழ் இருப்பது விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. கிடைத்ததும் கட்டை கழற்றும் கருவியான செபரேட்டரால் நெம்பி எடுங்கள், கத்தி வேண்டாம். டைலின் அடியோரம் சுற்றிலும் மெல்லிய பள்ளம் இருக்கும், நகத்தாலேயே கழற்றலாம். பிளேட்டில் அது இருக்காது.

மஞ்சள்தலை | 1:34
அட, சரியாகத்தான் படுகிறது. எல்லாப் பைகளையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுக் கட்டினீர்களா?

நிலாமுற்றம் | 1:36
ஆமாம். ஒரு பெரிய தட்டில் எல்லாவற்றையும் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தேன். பார்க்கிறேன், வருகிறேன்.

மஞ்சள்தலை | 1:41
அங்கேதான் வந்தது வினை. பைகளில் எண் போட்டிருப்பதே அதற்காகத்தான். ஒன்றாம் பை முடிந்த பிறகுதான் இரண்டாம் பையைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பையும் முடியும்போது மிச்சத்தைப் பார்த்தால் தவறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிறவரிசை | காலை 7:20
பழியைப் பிரிப்பதன் மேல் போடாதீர்கள். நான் எப்போதும் எல்லாவற்றையும் கொட்டித்தான் கட்டுகிறேன். பை பையாகக் கட்டினால் தேடும் சுகமே இல்லை, கை தானாகப் போய் எடுக்கிறது. அவர் நிறத்தால் பிரித்தார், அதுதான் தவறு. வடிவத்தால் பிரிக்க வேண்டும். அடர் சாம்பல் குவியலில் டைலும் பிளேட்டும் கலந்து கிடந்தால் எந்தக் கண்ணும் தடுமாறும். டைல்களை ஒரு கிண்ணத்திலும் பிளேட்களை இன்னொரு கிண்ணத்திலும் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

மஞ்சள்தலை | 7:48
இரண்டாயிரம் துண்டு செட்டையும் அப்படியே கொட்டுவீர்களா? ஃப்ரெண்ட்ஸ் அடுக்குமாடி வீடு 2,048 துண்டு. பிரிக்கவே இரண்டு நாள் ஆகுமே.

நிறவரிசை | 7:55
ஆனது. அந்த இரண்டு நாளும் எனக்குப் பிடித்த நாட்கள். பிரிக்கும்போதே ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிடுகிறேன், எது எங்கே வரும் என்று யோசிக்கிறேன். கட்டுவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

செங்கல்சித்தர் | 8:10
இரண்டு பேரும் கேளுங்கள். எந்த முறையாக இருந்தாலும், ஒவ்வொரு படியிலும் மேல் மூலைக் கட்டத்தில் என்ன துண்டு, எத்தனை என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் எடுத்து முன்னால் வைத்துவிட்டுக் கட்டுங்கள். டைல் படத்தில் குமிழ் வரைந்திருக்காது. உபரி பற்றி அம்மாவும்மகளும் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

கட்டைப்பிரியன் | 9:02
இதற்கிடையில் ஒரு கேள்வி. இந்த செட்டை அமெரிக்கத் தொடருக்குப் பதிலாக 2001 பிரிட்டிஷ் தொடரை வைத்துச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? மூலம் அதுதானே.

வெயில்காலம் | 9:15
சாம்பல் நிற மேசைகள்தான் மிஞ்சியிருக்கும். பிரிட்டிஷ் தொடர் இரண்டே பருவம்தான். அமெரிக்கத் தொடர் 2005 முதல் 2013 வரை ஒன்பது பருவம். கெவினின் சில்லிப் பானை, ஏஞ்சலாவின் பூனை என்று துண்டாக மாற்ற ஆயிரம் பொருள் அதில் கிடக்கிறது. செட்டுக்கு வேண்டியது அதுதான்.

கட்டைப்பிரியன் | 9:21
அந்தச் சில்லிப் பானையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் தொடர் குறைவாக இருப்பதே அதன் பலம் என்பேன்.

மஞ்சள்தலை | 10:40
நிலாமுற்றம், என்ன ஆயிற்று? கிடைத்ததா?

அம்மாவும்மகளும் | மாலை 4:30
பிறந்தநாள் ஆரம்பித்திருக்கும். போய்விட்டதா அறை?

நிலாமுற்றம் | ஞாயிறு காலை 8:12
கிடைத்துவிட்டது. பள்ளத்தின் தரையில் இருந்தது. கண்ணால் மூன்று முறை பார்த்தும் தெரியவில்லை, விரல் வைத்ததும் நான்கு குமிழும் தட்டுப்பட்டன. டைலை மாற்றினேன். ஒரு விரலால் தள்ள அறை முழுதாகப் போய்விட்டது. தங்கை முதல் வேலையாக அதை வெளியே உருவி, கோப்பையை மைக்கேல் மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் நன்றி.

கட்டைப்பிரியன் | 8:30
மகிழ்ச்சி. எந்தப் பை, எத்தனையாவது படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நாளைக்கு இன்னொருவர் இதே இடத்தில் முட்டிக்கொண்டு தேடி வருவார். படமும் இன்னும் வரவில்லை.

அம்மாவும்மகளும் | 8:41
அந்தப் பழைய டப்பா பிளேட்டையும் எடுத்துவிட்டு, சரியான சாம்பலை அதன் இடத்தில் போட்டீர்களா?