ரேட்டிங் மாணவருக்கு எந்த ஆங்கிலம்: வகுத்த வாக்கியங்களா, பொது ஆங்கிலமா?

கடற்பள்ளி_ஆசிரியை:

கப்பலில் அதிகாரி அல்லாத மாலுமிகளாக, அதாவது ரேட்டிங்குகளாக, ஆவதற்கான ஆறு மாத ஜி.பி. பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு 11 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பள்ளியில் பத்தாண்டு படித்தும் கைக்கு வராத அதே இலக்கணத்தை மறுபடியும் முதலிலிருந்து நடத்துவதிலேயே எங்கள் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. விடுப்பு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதும் மாணவன், சிமுலேட்டர் அறையில் சுக்கானைப் பிடித்து நிற்கும்போது சுக்கானை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லும் ‘மிட்ஷிப்ஸ்’ என்ற கட்டளையைக் கேட்டுவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். அவன் பார்க்க வேண்டியது சுக்கான் கோணம் காட்டும் முள்ளை.

ஆகவே என் கருத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். ரேட்டிங் மாணவருக்குப் பொது ஆங்கிலத்தை அடியோடு நிறுத்திவிட்டு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்றுக்கொண்ட எஸ்.எம்.சி.பி. என்னும் வகுத்த வாக்கியத் தொகுப்பை மட்டும் கற்பித்தால் போதும். மாலுமிகளின் தகுதியை வரையறுக்கும் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கையும், கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் காவல் நிற்கும் ரேட்டிங்கிடம் சுக்கான் கட்டளைகளை ஆங்கிலத்திலும் கேட்டு நிறைவேற்றும் திறனை எதிர்பார்க்கிறதே தவிர, கட்டுரை எழுதும் திறனை எதிர்பார்க்கவில்லை.

இது வெறும் மனப்பாடப் புத்தகம் என்று எள்ளி நகைப்பவர்கள் இதன் பின்னாலுள்ள யோசனையைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஃபேர்வே எனப்படும் கப்பல் தடத்துக்குள் நுழைய ‘மே ஐ எண்டர் த ஃபேர்வே’ என்று கேட்கக் கூடாது என்கிறது இந்தத் தொகுப்பு. ‘மே’ என்ற சொல் அனுமதி கேட்பதாகவும் இருக்கலாம், நுழையக்கூடும் என்று தெரிவிப்பதாகவும் இருக்கலாம். இரைச்சல் நிறைந்த வி.எச்.எஃப். வானொலி அலைவரிசையில் அரைகுறையாகக் காதில் விழுந்தால் எது என்று பிரித்தறிய வழியில்லை. அதனால் முதலில் ‘க்வெஸ்ச்சன்’ என்று அடையாளச் சொல்லைச் சொல்லிவிட்டு, பிறகு ‘டூ ஐ ஹாவ் பெர்மிஷன்’ என்று தொடங்கச் சொல்கிறது. 150 என்பதை ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ஆனால் சுக்கான் கோணம் 15 என்றால் ‘ஃபிஃப்டீன்’ என்று முழு எண்ணாகவே சொல்ல வேண்டும். மூன்றுக்கு அது தரும் உச்சரிப்பு ‘ட்ரீ’. அந்த உச்சரிப்புக்காக எத்தனை ஆண்டுகள் எத்தனை மாணவர்களை நிற்க வைத்துத் திருத்தினேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான்கு_எட்டு_காவல்:

ஆசிரியை அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. நான் சீஃப் ஆபீசராகப் பணிபுரிபவன். வகுத்த வாக்கியங்கள் எல்லாம் வகுத்தபடி நடக்கும் வரைக்கும்தான் உதவும்.

கரையிலிருந்து நான்கு நாள் தொலைவில் இருந்தபோது எங்கள் கப்பலில் ஏ.பி. எனப்படும் தேர்ந்த மாலுமி ஒருவனுக்கு நள்ளிரவில் வயிற்றுவலி வந்தது. ரோமிலிருந்து 1935 முதல் கப்பல்களுக்கு இலவச மருத்துவ ஆலோசனை வழங்கிவரும் சி.ஐ.ஆர்.எம். மையத்தைத் தொடர்புகொண்டோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வலி எப்படிப்பட்டது என்பதுதான். அந்தப் பையன் கடலூர்க்காரன். ‘முதலில் தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது, இப்போது வலது அடிவயிற்றில் குத்துகிறது’ என்று என்னிடம் தமிழில் சொன்னான். மருத்துவருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மருத்துவ உதவி வேண்டும் என்று கேட்கும் வாக்கியத்தை அவன் கற்றிருந்தான். பிசைவதற்கும் குத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அவனுக்கு ஒருவரும் கற்றுத்தரவில்லை.

1990 ஏப்ரல் 7 அன்று ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். பணியாளர்களில் பலர் போர்ச்சுகீசியர். பயணிகளிடம் பேச அவர்களுக்கு ஒரு பொதுமொழி இல்லை. எஸ்.எம்.சி.பி.யின் தேவைக்குச் சான்றாக இந்த விபத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், ஆசிரியை அவர்களும் அடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் புகை சூழ்ந்த நடையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பயணி எந்தத் தொகுப்பையும் படித்தவர் அல்லர். அவர் தம் வாய்க்கு வந்ததைக் கேட்பார். அதைப் புரிந்துகொள்ளப் பொது ஆங்கிலம் வேண்டும்.

எந்திர_அறை:

இரண்டு பேரும் பிரிட்ஜிலேயே நிற்கிறீர்கள். கீழே இறங்கி வாருங்கள். பிரதான எந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. காதில் மஃப், கையில் டார்ச், பேச்சு முழுவதும் சைகைதான். எங்களுக்கு வேண்டிய ஆங்கிலம் கண்ணால் படிப்பது. எண்ணெயைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையரின் கையேட்டில் ‘அன்லெஸ்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டிப் படித்துவிட்ட மோட்டார்மேன் ஒருவர், திறக்கக் கூடாத நேரத்தில் வால்வைத் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். இலக்கணத்தை நிறுத்துவதற்கு முன் எங்களையும் ஒருமுறை கேளுங்கள்.

புதிய_மாலுமி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதல் கான்ட்ராக்டை முடித்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. பொது ஆங்கிலம் அதிகம் தெரிந்தால் நல்லதுதான் என்று நானும் நினைத்திருந்தேன். அது குழப்பவும் செய்யும் என்பதை அங்கேதான் கற்றேன்.

கப்பலைத் துறையில் கட்டிக்கொண்டிருந்தோம். நான் முன்பக்க மூரிங் ஸ்டேஷனில், கப்பல் முன்பின் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு நின்ற அதிகாரி வேறு யாருக்கோ வாக்கி-டாக்கியில் ‘ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்’ என்றார். ‘கொஞ்சம் பொறு’ என்று அவர் பேச்சுவழக்கில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. மூரிங் கட்டளையாகக் கேட்டால் கயிற்றை மேலும் விடாமல் இறுக்கிப் பிடி என்று பொருள். பக்கத்தில் இருந்த ஏ.பி. அப்படியே கயிறு கட்டும் இரும்புக் கட்டைகளான பிட்ஸில் சுற்றிப் பிடித்துவிட்டார். கப்பல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கயிறு முதலில் முனகியது, பிறகு அதிலிருந்து தூசிபோல நீர்த்துளி பறந்தது, பிறகு அறுந்து, அதன் நுனி நான் ஒரு நிமிடத்துக்கு முன் நின்றிருந்த இடத்தின் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டுப் போனது. ஒருவருக்கும் காயமில்லை. இருவருமே நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள். கெடுத்தது அந்த நல்ல ஆங்கிலம்தான்.

தண்டல்_பேரன்:

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடியவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘யெஸ் சார்’ மட்டுமே. எனவே இந்த விவாதத்தின் அடிப்படையையே சற்று அசைத்துப் பார்க்கிறேன், பொறுத்தருள்க.

கடலில் எந்த மொழியும் தனித்திருந்ததில்லை. ‘மாலுமி’ என்று நாம் சொல்லும் சொல்லே அரபியின் முஅல்லிமிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளுக்கென்று போர்ச்சுகீசியமும் மலாயும் இந்துஸ்தானியும் கலந்த ஒரு கப்பல் மொழி இருந்தது. அந்த மொழியின் சொற்களையும் கட்டளைகளையும் தொகுத்து, தாமஸ் ரோபக் என்பவர் 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதியே வெளியிட்டார். அதை வாங்கிப் படித்தவர்கள் யார்? ஆங்கிலேய அதிகாரிகள். மாலுமியின் மொழியை அதிகாரி கற்ற காலமும் உண்டு என்பதை, ‘பையன்களுக்கு ஆங்கிலம் வரவில்லை’ என்று சொல்வதற்கு முன் நினைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலமும் கடலுக்கென்று தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இடப்பக்கத்துக்கு அவர்கள் சொல்லிவந்த ‘லார்போர்ட்’, காற்றில், வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘ஸ்டார்போர்ட்’ போலவே கேட்டதால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டு ‘போர்ட்’ என்று மாற்றியது. 1930களின் தொடக்கம் வரை அவர்கள் கப்பல்களில் ‘ஸ்டார்போர்ட்’ என்று கட்டளையிட்டால் கப்பல் இடப்பக்கம் திரும்பும்; ஏனெனில் அது பழைய காலத்துச் சுக்கான் கட்டையை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் குறித்த கட்டளை. ஆக, வகுத்த மொழி என்பது ஆங்கிலம் தெரியாதவருக்கு இரங்கிக் கொடுத்த ஊன்றுகோல் அன்று. ஆங்கிலேயருக்கே வேண்டியிருந்த ஒன்று. வகுப்பு எடுப்பதாக இருந்தால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு விறுவிறுவென்று கொச்சையில் பேசும் பைலட்டுகளையும், அதாவது துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்களையும், முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் 5ஆம் அத்தியாயம் 14ஆம் விதி, ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஒரு பணிமொழியை வரையறுத்துக் கப்பல் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. அது ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிரிட்ஜில் பாதுகாப்பு குறித்த தொடர்புக்கு ஆங்கிலம் கட்டாயம், அதுவும் பேசிக்கொள்வோருக்கு வேறு பொதுமொழி இல்லாதபோது. அப்படியிருக்க, ராமநாதபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடலை ஆங்கிலத்தில் மட்டும்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? காற்றில் வாடை எது, கச்சான் எது, கொண்டல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவன் அவன். தமிழில் விளக்கிவிட்டுக் கட்டளையை மட்டும் ஆங்கிலத்தில் பழக்கினால் ஆறு மாதம் தாராளம்.

நான்கு_எட்டு_காவல்:

தண்டல் பேரன் ஐயாவின் வரலாற்றுச் செய்திகளை ரசித்துப் படித்தேன். ஆனால் 14ஆம் விதியை அவர் ஒரு கண்ணால் படித்திருக்கிறார். பைலட்டுக்கும் பிரிட்ஜில் இருப்பவர்களுக்கும் இடையே நடக்கும் பேச்சும் அந்த ஆங்கிலக் கட்டாயத்துக்குள் அடங்கும். சாங்காய் பைலட்டும் தமிழ் சுக்கான்காரரும் பேசிக்கொள்ள வேறு எந்தப் பொதுமொழி இருக்கப்போகிறது? பணியாளர் அனைவரும் தமிழராக உள்ள சரக்குக் கப்பலை என் பணிக்காலத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

2007 நவம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் காஸ்கோ பூசான் கப்பல் மூடுபனியில் பாலத்தின் தூண் அமைப்பில் உரசி எண்ணெயைக் கொட்டியது. அதற்கு முன், மின்னணு வரைபடத்தில் தெரிந்த சிவப்பு முக்கோணங்கள் எதைக் குறிக்கின்றன என்று அமெரிக்க பைலட் சீனக் கேப்டனிடம் கேட்டார். கேப்டன் தந்த அரைகுறை விடையிலிருந்து, பாலத்தின் நடுப்பகுதியைக் குறிக்கின்றன என்று பைலட் எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி எந்தத் தொகுப்பிலிருந்தும் வந்ததன்று. அந்தக் கணத்தில் பிறந்த கேள்வி. அதற்கு வகுத்த விடை எங்கிருந்து கிடைக்கும்?

எந்திர_அறை:

அந்த விபத்தில் பைலட் உட்கொண்டிருந்த மருந்துகளால் அவருடைய செயல்திறன் குறைந்திருந்தது என்பதையும் அமெரிக்க விசாரணை சொன்னது. அதை விட்டுவிட்டு மொழியை மட்டும் எடுத்துப் பேசுவது சரியன்று. ஆனால் அதே விசாரணை சொன்ன வேறொன்றை இங்கே ஒருவரும் தொடவில்லை. மூடுபனியில் புறப்படுவது குறித்தும், பைலட் போக நினைத்த வழி குறித்தும் கேப்டன் தாமாக முன்வந்து கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை.

நான் ரசாயன டேங்கர்களில் பணிபுரிந்தவன். 2004 பிப்ரவரியில் வர்ஜீனியா கரைக்கு அப்பால் போ மரைனர் வெடித்து மூழ்கியபோது 27 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். மேலதிகாரிகள் கிரேக்கர்கள், மற்றவர்கள் பிலிப்பினோக்கள். பிலிப்பினோக்கள் ஆங்கிலத்தில் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தக் கப்பலில் இரு தரப்பாருக்கும் இடையே நம்பிக்கை இல்லை, பிலிப்பினோ அதிகாரிகள் மேலதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட இல்லை, மேலிடத்துக் கட்டளையைத் தட்டிக் கேட்க அஞ்சினார்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் அறிக்கை விவரிக்கிறது. அங்கே எந்தச் சொல் தெரியாமல் போயிற்று? வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு எந்த ஆங்கில வகுப்பில் மருந்து இருக்கிறது?

புதிய_மாலுமி:

ஐயா சொல்வது எனக்குச் சரியாகப் புரிகிறது. ‘ஸே அகெய்ன்’ என்ற இரண்டு சொற்களையும் ஆசிரியை அவர்கள் முதல் வாரத்திலேயே கற்பித்தார்கள். கப்பலில் முதல் நான்கு மாதத்தில் அவற்றை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. புரியாதபோதெல்லாம் ‘யெஸ் சார்’ என்றேன். மறுபடி கேட்டால் மக்கு என்று நினைத்து அடுத்த கான்ட்ராக்ட் தரமாட்டார்கள் என்ற எண்ணம். தளப் பணியாளர்களின் தலைவரான போசன் ஒருநாள் பெயின்ட் லாக்கரைக் காட்டி ஏதோ சொன்னார், நானும் ‘யெஸ்’ சொல்லிவிட்டுப் போய், மூட வேண்டியதைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

கடற்பள்ளி_ஆசிரியை:

இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் என் மாணவர் என்பது அந்த ‘முதல் வாரம்’ என்ற சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அந்த இரண்டு சொற்களைச் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் வகுப்பில் எவனாவது அவற்றைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். ‘கவனிக்கவில்லையா?’ என்றுதான் கேட்டிருக்கிறேன்.

என் முதல் நிலைப்பாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். எந்திர அறைக்குப் போகிறவர்களுக்குப் படிக்கும் ஆங்கிலம் தனியாக வேண்டும், ‘அன்லெஸ்’ உட்பட. உடல்நோவைச் சொல்வதற்கு இரண்டு வகுப்பு ஒதுக்கலாம். பிசைதல், குத்தல், எரிதல், குடைச்சல் என்று தமிழில் தொடங்கினால் அவர்களே ஆர்வமாகக் கேட்பார்கள். விடுப்பு விண்ணப்பம் திரும்பி வராது, அதில் மாற்றமில்லை. அடுத்த அணியிலிருந்து எந்திர இரைச்சலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டு, நானே வேண்டுமென்று பாதிக் கட்டளைகளைத் தெளிவில்லாமல் சொல்லப் போகிறேன். மறுபடி கேட்காமல் சுக்கானைத் திருப்புகிறவனுக்குத்தான் மதிப்பெண் குறையும்.

நான்கு_எட்டு_காவல்:

அதை ஏற்கிறேன். ஆனால் பயிற்சி முடிவில் வாய்மொழித் தேர்வு நடத்த வருபவர் வெளியாள். அவர் எதிரில் உங்கள் மாணவன் ‘ஸே அகெய்ன்’ என்றால் அதற்கு அவர் என்ன மதிப்பெண் போடுவார் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.