மறு: வடுவுணர்வா, பிறர்கண் ஊகமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியவில்லை. ஒரு கூட்டத்தார், வேறொரு கூட்டத்தார் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைப்பதை ஆங்கிலத்தில் 'மெட்டா ஸ்டீரியோடைப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டதற்கு மீவார்ப்பு, வடுவுணர்வு, பிறர்கண் ஊகம், பிரமை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. வடுவுணர்வுக்காரர் எழுதியது இது:

> இழிவுக்கு ஆளானவர்கள், மற்றவர்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைப்பதுதானே இது? ஆகவே வடுவுணர்வு.

ஐயா, வடு அருமையான சொல். தழும்பும் அதுதான், பழியும் அதுதான். "வடுவன்று வேந்தன் தொழில்" என்ற குறளில் குற்றம் என்றே பொருள். கிரேக்கத்தில் 'ஸ்டிக்மா'வும் உடம்பில் இட்ட குறிதான். ஆனால் 1998இல் ஜாக்கி வொராவரும் உடனிருந்தவர்களும் எழுதிய கட்டுரை, கனடாவின் வெள்ளையர்கள் தங்களைப் பழங்குடியினர் எப்படிப் பார்ப்பதாக நினைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தது. மேலே இருப்பவருக்கும் இந்த நினைப்பு உண்டு. அவருக்கு வடு ஏது? வடுவுணர்வை எலிசபெத் பைனல் 1999இல் எழுதிய 'ஸ்டிக்மா கான்ஷியஸ்னஸ்' என்பதற்கு, அதாவது தன்மேல் விழுந்த இழிவை வைத்தே பிறர் தன்னை எடைபோடுவார்கள் என்ற உணர்வுக்கு, எடுத்து வைப்போம். அங்கே கச்சிதமாக உட்காரும்.

மீவார்ப்பு, மீத்தரவின் (மெட்டாடேட்டா) தம்பி. உசிலம்பட்டிப் பக்கம் ஆய்வுக்குக் கேள்வித்தாளோடு போய் இதைச் சொன்னால் பித்தளைப் பட்டறைச் சமாச்சாரம் என்று நினைப்பார்கள்.

பிறர்கண் எனக்குப் பிடித்திருக்கிறது. பிறருடைய கண் என்றும் வரும், பிறரிடத்தில் என்று ஏழாம் வேற்றுமையாகவும் வரும். தகராறு 'ஊகம்' என்பதில்தான்.

1980இல் க்ளெக், ஸ்ட்ரெண்டா என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டிவிட்டு, அது காயாமல் இருக்கக் களிம்பு தடவுகிறோம் என்று சொல்லி, ஆளுக்குத் தெரியாமல் அழித்துவிட்டு, இன்னொருவரோடு பேசவிட்டார்கள். அவரோ எதிரே இருந்தவர் தன் தழும்பையே பார்த்துச் சங்கடப்பட்டார் என்று வந்து சொன்னார். சரி, இது ஊகம்தான். மதுரைக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. சென்னையில் யாராவது "எந்த ஊரு?" என்றால், கேட்டவருக்கு அருவாள் ஞாபகம் வந்திருக்கும் என்று நாமே முடிவுகட்டி, முந்திக்கொண்டு ஒரு அருவாள் ஜோக் அடித்துவிடுகிறோம். பாவம், அவர் ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்க இருந்திருக்கலாம்.

ஆனால் இதே சொல்லை உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூருக்குக் கொண்டுபோனால்? சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்ற வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின்படி ஊரையே பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுக்க வந்ததை எதிர்த்தபோது, 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சர்க்கார் தங்களைப் பார்க்கிறது என்று அந்த மக்கள் ஊகித்தார்களா? சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆயிற்று. அவர்கள் நினைத்ததை ஊகம் என்று எழுதினால், "நீயா நினைத்துக்கொண்டாய்" என்று சொன்ன மாதிரி ஆகாதா? பிரமை என்ற சொல்லை முன்மொழிந்த தங்கையிடமும் இதையே கேட்கிறேன்.

நினைப்பு சரியா தப்பா என்பது ஆராய்ச்சி கண்டுபிடிக்க வேண்டியது. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அதனால் 'பிறர்கண் கணிப்பு' என்கிறேன். கணிப்பு பலிக்கவும் செய்யும், பொய்க்கவும் செய்யும்; மழைக் கணிப்பைப் பார்க்கிறோமே! அப்புறம் இதிலிருந்து மற்றவையும் தானாகக் கிளைக்கும். உள்ளதைவிட மோசமாக நினைத்தால் மிகைக்கணிப்பு, இருக்கும் வெறுப்பை உணராவிட்டால் குறைக்கணிப்பு, எவ்வளவு சரி என்பது கணிப்புத் துல்லியம். ஊகத்தை வைத்துக்கொண்டு 'ஊகத் துல்லியம்' என்று சொல்லிப் பாருங்கள், சொல்லே தன்னோடு சண்டை போடுகிறது.

கேள்வித்தாளில் இந்தச் சொல்லும் வேண்டாம். "வெளியாளுக உங்களை என்னமா நினைக்கிறாக?" என்று கேட்டால் போதும். மறக்காமல் வெளியாட்களிடமும் தனியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிட்டுத் துல்லியம் பார்ப்பது?

புலவர் ஐயா ஒருவர் 'மட்குடம்' போல 'பிறர்கட்கணிப்பு' என்று புணர்த்த வேண்டும் என்று கட்டாயம் எழுதுவார். மண்குடத்திலும் தண்ணீர் நிற்கிறது ஐயா, இதைப் பிரித்தே எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து